மாணவர் ஐக்கியம்: புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கிறிஸ்தவ மாணவர்களும், அவர்களை அனுப்பிவிட்டுக் கவலைப்படும் பெற்றோரும், "அந்தக் கூட்டத்தில் அப்படி என்னதான் செய்கிறீர்கள்?" என்று விசாரிக்கும் நண்பர்களும் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பல ஆண்டுகளாக மாணவர் குழுக்களோடு பழகிவருகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சில கேள்விகளுக்கு நீண்ட பதில் தேவைப்பட்டது. சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

பல்கலைக்கழகத்துக்குப் போனால் விசுவாசம் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

போகிறவர்களும் உண்டு, அங்கேதான் முதன்முதலாக விசுவாசத்துக்கு வருகிறவர்களும் உண்டு. வீட்டில் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுப்பிவிட ஆள் இருந்தது. சபைக்குப் போனால் இன்னார் பிள்ளை என்று எல்லாருக்கும் தெரியும். ஹாஸ்டல் அறையில் யாரும் எழுப்புவதில்லை; ஆராதனைக்குப் போகாவிட்டால் ஏன் என்று கேட்பதற்கும் ஆளில்லை. ஒரு பேராசிரியரின் வாதத்தைக் கேட்டு ஒரே நாளில் விசுவாசத்தை உதறியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. முதல் வாரம் தூக்கம், அடுத்த வாரம் அசைன்மென்ட், அதற்கடுத்த வாரம் போகத் தோன்றவில்லை, பிறகு போவதற்கு வெட்கம். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

அதனால் பெற்றோருக்கு நான் சொல்வது, பிள்ளை என்ன புத்தகம் படிக்கிறான் என்று பயப்படுவதைவிட, அவன் வராத நாளில் அவனைத் தேட அங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். தானியேலும் அவனுடைய மூன்று தோழர்களும் பாபிலோன் அரண்மனையில் கல்தேயருடைய எழுத்தையும் மொழியையும் மூன்று வருடம் படித்தார்கள். அந்தப் படிப்பை அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ராஜா கண்ட கனவைச் சொல்லாவிட்டால் அவன் தங்களைக் கொன்றுபோடுவான் என்ற நிலை வந்தபோது, தானியேல் வீட்டுக்குப் போய்த் தோழர்களிடம் சொன்னான், சேர்ந்து ஜெபித்தார்கள். அந்நிய ஊரில் அவர்களைக் காத்த ஏற்பாடு அதுதான்.

மாணவர் ஐக்கியம் என்பது ஒரு சபையா?

இல்லை. ஒரே வளாகத்தில் படிப்பவர்கள் வாரத்தில் ஒருமுறையோ இருமுறையோ கூடி, வேதம் வாசித்து, ஜெபித்து, ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் இடம். சபையில் குழந்தைகள் இருக்கிறார்கள், முதியவர்கள் இருக்கிறார்கள், திருமுழுக்கும் திருவிருந்தும் அடக்க ஆராதனையும் நடக்கின்றன. ஐக்கியத்தில் ஏறக்குறைய எல்லாரும் 18-க்கும் 25-க்கும் இடைப்பட்டவர்கள், எல்லாருக்கும் ஒரே பரீட்சை பயம். அதனால் சீக்கிரம் நெருங்கிவிடுகிறார்கள். ஆனால் கணவரை இழந்த ஒரு பாட்டி அதே பாட்டைப் பாடும்போது அதற்கு என்ன அர்த்தம் வருகிறது என்பதை சக மாணவர்கள் மட்டுமே இருக்கிற அறையில் கற்றுக்கொள்ள முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு சபைக்குப் போங்கள். "எங்கள் ஐக்கியம் இருக்கும்போது சபை எதற்கு?" என்று ஒரு குழு சொன்னால் அங்கே ஏதோ சரியில்லை.

இந்த மாணவர் குழுக்கள் எப்போது தொடங்கின? யார் தொடங்கினார்கள்?

மாணவர்களே தொடங்கினார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் 1529-ல் ஒரே அறையில் தங்கிய மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். பியர் ஃபாவ்ர், பிரான்சிஸ் சவேரியார் இருவருக்கும் 23 வயது. மூன்றாமவர் இக்னேஷியஸ் லொயோலா, போரில் கால் முறிந்து, வாழ்க்கை திசைமாறி, நாற்பதை நெருங்கும் வயதில் படிக்க வந்தவர். ஃபாவ்ர் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார், அவர் ஃபாவ்ருக்கு ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்தார். சவேரியார் எளிதில் மசியவில்லை, அவருக்குப் பெரிய பதவிக் கனவுகள் இருந்தன. 1534 ஆகஸ்ட் 15 அன்று மோன்மார்த்ர் குன்றில் ஏழு பேராக அவர்கள் வாக்குறுதி எடுத்தார்கள். அந்த ஏழு பேரிலிருந்துதான் இயேசு சபை உருவானது.

ஆக்ஸ்ஃபோர்டில் 1729-ல் சார்ல்ஸ் வெஸ்லி சில நண்பர்களோடு கூடத் தொடங்கினார், பிறகு அவருடைய அண்ணன் ஜான் வெஸ்லி அதை நடத்தினார். கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வாசித்தார்கள், உபவாசம் இருந்தார்கள், சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்த்தார்கள். மற்ற மாணவர்கள் கேலியாக 'பரிசுத்தர் கிளப்' என்றார்கள், 'மெதடிஸ்ட்' என்றும் பட்டப்பெயர் வைத்தார்கள். கேலிப்பெயர் பிற்பாடு ஒரு திருச்சபையின் பெயரானது. அமெரிக்காவில் வில்லியம்ஸ் கல்லூரியில் 1806-ல் வயல்வெளியில் ஜெபித்துக்கொண்டிருந்த ஐந்து மாணவர்கள், இடிமழை வந்ததும் ஒரு வைக்கோல்போரின் ஓரத்தில் ஒதுங்கி அங்கேயே ஜெபத்தைத் தொடர்ந்தார்கள். அந்த நாட்டின் வெளிநாட்டு மிஷனரி இயக்கத்துக்கு அது ஆரம்பம்.

அமைப்புகள் பிறகு வந்தன. கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் கிறிஸ்தவ ஒன்றியம் 1877-ல் உருவானது. ஜான் மாட் என்ற இளைஞர் மாணவர்களைத் திரட்டி நாடு நாடாகச் சுற்றினார். 1895-ல் ஸ்வீடனில் வாட்ஸ்டேனா கோட்டையில் உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனம் தொடங்கியது. அதே மாட் 1946-ல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். சுவிசேஷத்தையும் வேதத்தின் அதிகாரத்தையும் எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் மாணவர்களுக்குள் கருத்து வேறுபாடு முற்றி, 1910-ல் கேம்பிரிட்ஜ் ஒன்றியம், அந்த உலகச் சம்மேளனத்தைச் சேர்ந்த பிரிட்டன் மாணவர் கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து விலகியது. அந்த விலகலின் வழியில் வந்த நற்செய்தி மாணவர் இயக்கங்கள் 1947-ல் தங்களுக்கென்று ஒரு சர்வதேச ஐக்கியத்தை அமைத்துக்கொண்டன. இன்று ஒரே வளாகத்தில் இரண்டு மூன்று கிறிஸ்தவக் குழுக்கள் இருப்பதற்கு இந்தப் பழைய பிரிவும் ஒரு காரணம். தெரிந்துவைத்திருந்தால், மற்றக் குழுவினரை எதிரிகளாகப் பார்க்கத் தோன்றாது.

எனக்கு வேதம் சரியாகத் தெரியாது. வேத ஆராய்ச்சியில் என்ன நடக்கும்?

பிரசங்கம் நடக்காது. எட்டு, பத்துப் பேர் வட்டமாக உட்காருவார்கள். ஒரு பகுதியை ஒருவர் சத்தமாக வாசிப்பார். பிறகு மூன்று கேள்விகள்: இங்கே என்ன நடக்கிறது, அதற்கு என்ன பொருள், நமக்கு என்ன சொல்கிறது. நடத்துகிறவருடைய வேலை பேசுவது குறைவு, கேட்பது அதிகம். தெரியாத ஒருவர் அறையில் இருப்பது மற்றவர்களுக்கு உதவிதான், சிறுவயது முதல் ஞாயிறு பள்ளிக்குப் போனவர்கள் பாதிக் கதையைக் கவனிக்காமலே தாண்டிவிடுவார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மாற்கு 2-ஆம் அதிகாரத்தின் முதல் 12 வசனங்கள். திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் சுமந்துகொண்டு வருகிறார்கள். வாசலில் கூட்டம். கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவனை இயேசுவுக்கு முன்பாக இறக்குகிறார்கள். இதை வாசித்ததும் பழகியவர்கள் "இயேசு பாவத்தை மன்னிக்கிறவர்" என்று நேராக முடிவுக்குப் போய்விடுவார்கள். நான் பார்த்த ஒரு குழுவில், வேதத்தை அதுவரை திறந்தே பார்க்காத முதலாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "படுத்திருந்தவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே. அவனுக்கு விசுவாசம் இருந்ததா?" எல்லாரும் மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்கள். இயேசு கண்டது அவர்களுடைய விசுவாசத்தை என்றுதான் எழுதியிருக்கிறது, தூக்கி வந்தவர்களையும் சேர்த்து. அன்றைக்கு மீதி நேரம் முழுவதும் அதைப் பற்றியே பேசினார்கள். சொந்தக் காலில் நடக்க முடியாத மாதங்களில் நம்மை யார் தூக்கி வருகிறார்கள், நாம் யாரைத் தூக்குகிறோம் என்று.

ஐக்கியம் எதற்கு என்று என்னிடம் கேட்டால் இந்தப் பகுதியைத்தான் வாசிக்கச் சொல்வேன்.

எனக்குச் சந்தேகங்கள் இருக்கின்றன. குழுவில் சொல்லலாமா, விலகிவிடுவதா?

சொல்லுங்கள். சொல்ல முடியாத குழு என்றால் அதை மாற்ற வேண்டும்.

உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று தோமா சொன்னார். அதைச் சொன்ன பிறகும் எட்டு நாள் கழித்து அவர் அதே சீஷர்களோடு அதே வீட்டுக்குள்தான் இருந்தார். மற்றவர்கள் அவரைத் துரத்தவில்லை, அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. "என் ஆண்டவரே, என் தேவனே" என்ற அறிக்கை அவர் வாயிலிருந்து வந்தது அங்கேதான். மகனைக் கொண்டுவந்த தகப்பன் ஒருவன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவும் என்று கண்ணீரோடு ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. 88-ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில் இருக்கிறது.

சந்தேகங்கள் எல்லாம் ஒரே வகை இல்லை. சில, பதில் வேண்டிய கேள்விகள்: சுவிசேஷங்கள் எப்போது எழுதப்பட்டன, உயிர்த்தெழுதலுக்கு என்ன சாட்சி, ஏன் இத்தனை கையெழுத்துப் பிரதிகளுக்குள் வித்தியாசம். இவற்றுக்குப் படித்தவர்களிடம் போகலாம், நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. வேறு சில, வலியிலிருந்து வருபவை. தம்பி இறந்துபோன மாணவனுக்குத் துன்பம் பற்றிய தத்துவ விளக்கம் கொடுக்காதீர்கள். அவனோடு உட்காருங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் செய்தார்கள், பேச ஆரம்பித்த பிறகுதான் கெடுத்தார்கள். இன்னும் சில சந்தேகங்கள் தூக்கமில்லாமல், சாப்பிடாமல், தனியாக இருப்பதால் பெரிதாகத் தெரிபவை. எது எந்த வகை என்று நண்பர்கள் கூட இருந்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

அறிவியல் படிக்கிறேன். இரண்டு உலகத்தில் வாழ்வதுபோல இருக்கிறது.

அப்படி வாழ வேண்டியதில்லை. பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927-லேயே கணக்கிட்டுக் காட்டிய ஜார்ஜ் லமேத்ர், லுவேன் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர், கத்தோலிக்கக் குருவும்கூட. தம்முடைய கொள்கையைப் படைப்புக்கு ஆதாரமாகப் பயன்படுத்துவதை அவரே விரும்பவில்லை. அறிவியல் அதன் வழியில் சோதிக்கப்பட வேண்டும் என்றார். பட்டாணிச் செடிகளை வைத்து மரபியலுக்கு அடித்தளம் போட்ட கிரெகோர் மெண்டல் அகஸ்தீனிய மடத்துத் துறவி. மின்காந்தவியலின் சமன்பாடுகளைத் தந்த மாக்ஸ்வெல் முதல் பேராசிரியராக இருந்த கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தின் பழைய கதவில் 111-ஆம் சங்கீதத்தின் வசனம் லத்தீனில் செதுக்கப்பட்டிருக்கிறது: ஆண்டவரின் செயல்கள் பெரியவை, அவற்றில் மகிழ்கிறவர்கள் எல்லாரும் அவற்றை ஆராய்கிறார்கள் என்பது அதன் கருத்து.

இந்தப் பெயர்களைச் சொல்லி வாதத்தில் ஜெயிக்க முடியாது, ஜெயிக்கவும் வேண்டாம். 1633-ல் கலிலேயோவை விசாரித்துத் தண்டித்தது திருச்சபையின் நீதிமன்றம்தான், அதையும் மறைக்கக் கூடாது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பே புனித அகஸ்டின், ஆதியாகமத்துக்கு எழுதிய விளக்கத்தில், வானத்தையும் நட்சத்திரங்களையும் பற்றி அறிந்த ஒருவர் முன்னால் வேதத்தின் பெயரால் கிறிஸ்தவர்கள் தெரியாததைப் பேசினால் அது வேதத்துக்கே அவமானம் என்று எச்சரித்திருக்கிறார். பரிணாமம் பற்றிக் கிறிஸ்தவர்களுக்குள்ளே பல கருத்துகள் இருக்கின்றன. உங்கள் குழுவில் உயிரியல் படிப்பவர் இருந்தால், அவர் பேசட்டும், மற்றவர்கள் கேளுங்கள். அவர் கையில் இருக்கும் ஆதாரத்தைக் கேட்காமல் அவருடைய விசுவாசத்தைச் சந்தேகிக்காதீர்கள்.

பரீட்சை நேரத்தில் கூட்டத்துக்கு வராவிட்டால் தப்பா?

தப்பில்லை. படிப்பு உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிற அழைப்பு. "முழு மனதோடும்" தேவனிடத்தில் அன்புகூரச் சொன்ன கட்டளைக்குள் நூலகத்தில் செலவழிக்கிற நேரமும் அடங்கும். ஊழியம் ஊழியம் என்று ஓடி லேப் ரிப்போர்ட்டை நண்பனைப் பார்த்து எழுதுவது ஆண்டவருக்கு மகிமையைக் கொண்டுவராது. காப்பியடிக்க மறுப்பதும், செய்யாத சோதனைக்கு எண்களைப் போடாமல் இருப்பதும், குரூப் புராஜெக்டில் உங்கள் பங்கை நேரத்துக்கு முடிப்பதும் நீங்கள் வாய்திறக்காமலே கொடுக்கும் சாட்சி.

ஆனால் ஒன்று. பரீட்சை நேரத்தில் ஒரேயடியாக மறைந்துவிடாதீர்கள். வழக்கமான ஒன்றரை மணி நேரக் கூட்டத்தைக் குழு இருபது நிமிட ஜெபமாகக் குறைத்துக்கொள்ளலாம். மதிப்பெண் வந்த அன்று மாலையிலும் கூடுங்கள். தோற்றுப்போனவன் தனியாக இருக்கக் கூடாத மாலை அது.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு சபை. எப்படி ஒத்துப்போவது?

ஒருவர் கையுயர்த்திச் சத்தமாகத் துதிப்பார், பக்கத்திலிருப்பவருக்கு அச்சிட்ட ஜெபப் புத்தகம் வேண்டும், இன்னொருவர் அமைதியாக ஜெபமாலை உருட்டுவார். குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கலாமா, அந்நியபாஷை இன்றும் உண்டா, பெண்கள் போதிக்கலாமா: இவை நூற்றாண்டுகளாகப் பேசப்படுபவை. ஒரு செமஸ்டரில் தீராது. மறைக்கவும் வேண்டாம், தினமும் தோண்டவும் வேண்டாம். எல்லாரும் சேர்ந்து சொல்லக்கூடிய விசுவாச அறிக்கை இருக்கிறது. அப்போஸ்தலர் அறிக்கையைச் சேர்ந்து சொல்லிப் பாருங்கள். அடுத்தவருடைய சபைக்கு ஒரு ஞாயிறு அவரோடு போய்விட்டு வாருங்கள். நேரில் பார்த்த பிறகு கேலி செய்ய மனம் வராது.

பிரான்சில் தேசே என்ற கிராமத்தில் சகோதரர் ரோஜர் 1940-ல் வந்து தங்கி உருவாக்கிய சமூகத்தில் புரொட்டஸ்டன்ட், கத்தோலிக்கத் துறவிகள் சேர்ந்தே வாழ்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அங்கே போகிறார்கள். சின்னச் சின்னப் பல்லவிகளைத் திரும்பத் திரும்பப் பாடுவதும் நீண்ட மௌனமும்தான் அவர்களுடைய ஜெபம். கருத்து வேறுபாடுகள் அங்கே மறைந்துவிடவில்லை, ஆனாலும் அவர்களால் சேர்ந்து மண்டியிட முடிகிறது.

கிறிஸ்தவரல்லாத நண்பர்கள் வரலாமா? நான் அவர்களிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேச வேண்டுமா?

தாராளமாக வரலாம். வருகிறவரிடம் என்ன கூட்டம், என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறந்தநாள் விழா என்று அழைத்துவந்து பிரசங்கத்தில் உட்காரவைப்பது நம்பிக்கைத் துரோகம். அப்படி ஏமாந்தவர் மறுபடி உங்களோடு மனம்விட்டுப் பேச மாட்டார்.

பேசுவதைப் பொறுத்தவரை, பேதுரு தம் முதல் நிருபத்தில் சொன்னதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை: உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள். யாராவது கேட்க வேண்டுமானால், கேட்கத் தோன்றும்படி முதலில் வாழ வேண்டும். கேட்டால் வெட்கப்படாமல், உங்கள் சொந்த வார்த்தையில், தெரிந்த அளவு சொல்லுங்கள். அவருடைய மதத்தை மட்டம்தட்டாதீர்கள். அவருடைய நம்பிக்கையைப் பற்றியும் கேளுங்கள், பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். அவர் கடைசிவரை விசுவாசத்துக்கு வராவிட்டாலும் நட்பு தொடர வேண்டும். மனமாற்றத்தை எதிர்பார்த்து மட்டும் வைத்திருக்கிற நட்பை யாரும் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள், அது இயேசு மனிதரிடம் பழகிய விதமும் இல்லை.

மனம் ரொம்பச் சோர்ந்துபோயிருக்கிறேன். ஜெபித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

ஜெபியுங்கள், மருத்துவரிடமும் போங்கள். எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். அவருக்குக் கண்டிப்பு வரவில்லை. தேவதூதன் தட்டியெழுப்பிச் சாப்பிட வைத்தான், மறுபடி தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, செத்துவிடலாம் என்று எண்ணம் வருகிறது என்றால் இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். பல்கலைக்கழக ஆலோசகரிடமோ மனநல மருத்துவரிடமோ அவர் உங்களோடு கூடவே வரட்டும். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு இல்லை. குழுத் தலைவர்களுக்கும் சொல்கிறேன்: நீங்கள் மருத்துவர்கள் இல்லை. இப்படி ஒருவர் உங்களிடம் வந்தால் இரகசியம் காப்பேன் என்று சத்தியம் செய்துகொடுக்காதீர்கள். அவர் உயிர் ஆபத்தில் இருக்கும்போது உதவக்கூடியவரிடம் சொல்லியே ஆக வேண்டும். "பாவம் ஏதோ இருக்கிறது, அதுதான் இப்படி" என்று யாராவது சொன்னால் அங்கேயே தடுங்கள்.

குழுவுக்குள் காதலித்தால்?

வயது அப்படி, நடக்கத்தான் செய்யும். அவசரப்படாதீர்கள். "ஆண்டவர் எனக்கு உன்னைக் காட்டினார்" என்று சொல்லி ஒருவரை நெருக்குவது ஆண்டவருடைய பெயரை வீணிலே வழங்குவது. அப்படிச் சொல்லப்பட்டவருக்கு மறுக்க முழு உரிமை உண்டு. பிரிந்துபோனால் இருவரில் ஒருவரைக் குழு இழந்துவிடாதபடி மற்றவர்கள் பக்கம் பிடிக்காமல் இருங்கள்.

தவறான குழுவை எப்படி அடையாளம் கண்டுகொள்வது?

இது முக்கியமான கேள்வி. வீட்டைவிட்டு வந்து தனிமையில் இருக்கும் முதலாண்டு மாணவர்களைத் தேடிப் பிடிக்கும் குழுக்கள் உலகெங்கும் வளாகங்களில் உண்டு. முதல் வாரத்தில் அளவுகடந்த அன்பு காட்டுவார்கள். தினமும் போன், தினமும் சந்திப்பு, நீ மிகவும் விசேஷமானவன் என்ற பேச்சு. கொஞ்ச நாளில் அதே அன்பு கணக்குக் கேட்கத் தொடங்கும்.

நான் கவனிக்கச் சொல்பவை: குடும்பத்தோடும் பழைய நண்பர்களோடும் தொடர்பைக் குறைக்கச் சொல்கிறார்களா? எந்தப் பாடம் எடுப்பது, யாரோடு பழகுவது, எங்கே தங்குவது என்பதைத் தலைவர் முடிவு செய்கிறாரா? பாவ அறிக்கை என்ற பெயரில் உங்கள் அந்தரங்கத்தைக் கேட்டு, பிறகு அதை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்துகிறார்களா? தங்கள் குழுவுக்கு வெளியே இரட்சிப்பு இல்லை என்கிறார்களா? கேள்வி கேட்டால் கீழ்ப்படியாதவன் என்ற பெயர் வருகிறதா? விலகிப் போனவர்களோடு பேசக் கூடாது என்று தடை இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் நிதானியுங்கள். இரண்டு மூன்று இருந்தால் வெளியே வாருங்கள். வருவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பல்கலைக்கழகத்தின் குருவானவரிடமோ வீட்டிலோ நடந்ததைச் சொல்லுங்கள்.

நல்ல குழுவில் பணத்துக்குக் கணக்குப் புத்தகம் இருக்கும், யார் கேட்டாலும் காட்டுவார்கள். காணிக்கை எண்ணும்போது இரண்டு பேர் இருப்பார்கள். தலைமைப் பொறுப்பு ஆண்டுதோறும் கைமாறும், தலைவருக்கு வெளியே பதில் சொல்லவேண்டிய மூத்தவர்கள் இருப்பார்கள். ஒரு மாணவியை ஒரு தலைவர் மூடிய அறையில் தனியாகச் சந்தித்து 'ஆலோசனை' கொடுப்பது நடக்காது. தொல்லை என்று ஒருவர் புகார் சொன்னால் குழுவின் பெயர் கெட்டுவிடுமே என்று மூடிமறைக்க மாட்டார்கள்.

ஜெபமும் பாட்டும் மட்டும்தானா? வெளியே நடக்கும் அநியாயத்தைப் பற்றி ஒன்றும் செய்வதில்லையே?

இந்தக் கேள்வியை 1833-ல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற சட்ட மாணவரிடம் கிறிஸ்தவரல்லாத சக மாணவர்கள் கேட்டார்கள். கிறிஸ்தவம் முன்பு நன்மை செய்தது சரி, இப்போது ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று. அவருக்கு அப்போது இருபது வயது. வாதத்தை விட்டுவிட்டு, ஏழைகளின் நடுவே உழைத்துவந்த ரோசாலி ரெண்டு என்ற கன்னியாஸ்திரியிடம் போய் எங்கே தொடங்குவது என்று கேட்டார்கள் அவரும் நண்பர்களும். வீடு வீடாகப் போய் ஏழைகளைச் சந்திக்க ஆரம்பித்தார்கள். புனித வின்சென்ட் தே பவுல் சபை என்று உலகெங்கும் இன்று இயங்குவது அந்த மாணவர் குழுவிலிருந்து வந்தது.

இன்னொரு காலம், இன்னொரு வகைத் துணிச்சல். மியூனிக் பல்கலைக்கழகத்தில் 1942-லும் 1943-லும் நாஜி ஆட்சிக்கு எதிராக 'வெள்ளை ரோஜா' துண்டுப்பிரசுரங்களை எழுதிப் பரப்பிய மாணவர்களில் ஹான்ஸ், சோஃபி ஷோல் லூத்தரன் குடும்பத்தினர், வில்லி கிராஃப் கத்தோலிக்கர், அலெக்சாண்டர் ஷ்மொரெல் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர். 1943 பிப்ரவரி 22 அன்று ஷோல் சகோதர சகோதரியோடு கொல்லப்பட்ட கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்ட், சாவதற்குச் சில மணி நேரம் முன்பு சிறையில் திருமுழுக்குப் பெற்றார். அவர்கள் எல்லாரும் ஒன்றாக வாசித்து, ஒன்றாக விவாதித்து வளர்ந்த நண்பர்கள். தனியாக இருந்திருந்தால் இந்தத் துணிவு வந்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

உங்கள் வளாகத்தில் சாதியோ நிறமோ மொழியோ பார்த்து ஒதுக்கப்படுகிற மாணவர் யார், அவரோடு மதியம் யார் உட்காருகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். உங்கள் குழுவுக்குள்ளேயே அந்தப் பாகுபாடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எங்கள் வளாகத்தில் குழுவே இல்லை. எப்படித் தொடங்குவது?

இரண்டு பேர் போதும். "இரண்டு பேராவது மூன்று பேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ" என்ற வாக்கு இருக்கிறது, பெரிய அரங்கத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு நாள், ஒரு நேரம், ஓர் இடம் முடிவு செய்யுங்கள், அதை மாற்றாதீர்கள். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான், வாரம் ஒன்று வாசித்தால் ஒரு செமஸ்டருக்குள் முடித்துவிடலாம். சரியாக ஒரு மணி நேரத்தில் முடியுங்கள். பல்கலைக்கழக விதிப்படி பதிவு செய்ய வேண்டுமானால் பதிவு செய்யுங்கள், ஒளிந்து நடத்தாதீர்கள். பக்கத்துச் சபையிலிருந்து பக்குவமான ஒருவரைத் துணைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணிக்கை குறைந்தால் மனம் தளர வேண்டாம், வராதவரைப் போய்ப் பாருங்கள். மெசேஜ் அனுப்புவது போதாது, கதவைத் தட்டுங்கள்.

படிப்பு முடிந்து போனபிறகு?

பலர் விழுவது இங்கேதான். மூன்று நான்கு ஆண்டு நெருக்கமான ஐக்கியத்தில் இருந்துவிட்டு, வேலைக்குப் போன ஊரில் ஞாயிறு ஆராதனையில் யாரும் பேர்கூடக் கேட்கவில்லை என்றதும் மனம் விட்டுவிடுகிறது. மாணவர் ஐக்கியத்தைப்போல் ஒரு சபையைத் தேடி அலையாதீர்கள், கிடைக்காது. அங்கே கைக்குழந்தை அழும், கமிட்டிச் சண்டை இருக்கும், பாட்டு மெதுவாகப் போகும். வந்து சேர்ந்த முதல் மாதத்துக்குள் ஒரு சபையைத் தெரிந்தெடுத்து, குறைந்தது ஒரு வருடம் அங்கேயே இருங்கள். ஞாயிறு பள்ளியிலோ பாடகர் குழுவிலோ நாற்காலி அடுக்குவதிலோ ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். பழைய குழுவில் இரண்டு மூன்று பேரோடு மாதம் ஒருமுறை போனில் ஜெபிக்க, பட்டமளிப்புக்கு முன்பே தேதி குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடப்பதில்லை. உங்கள் புதிய ஊரில் பல்கலைக்கழகம் இருந்தால், அங்கே முதலாண்டு மாணவர் யாராவது உங்கள் சபைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஆராதனை முடிந்ததும் அவரிடம் போய்ப் பேர் கேளுங்கள்.